சாப்பாட்டுப் பிரச்சினைக்குக் கவுன்சலிங் போனவங்க யாராவது இருக்கீங்களா?

திருநகர் மல்லி:

வேறு யாராவது ஆரம்பிப்பார்கள் என்று ரொம்ப நாள் பார்த்தேன். சரி, நானே ஆரம்பிக்கிறேன். வயது 31. ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். பதினோரு வருடம் சாப்பாட்டோடு மல்லுக்கு நின்றவள். சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

ஆரம்பித்து வைத்தது ஒரு பிளவுஸ். பெரியம்மா மகள் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுக்கப் போனபோது, டெய்லர் அக்கா டேப்பை இழுத்துப் பிடித்து, நோட்டில் எழுதும் பெண்ணுக்குக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி அளவைச் சொன்னார். "போன தடவைக்கு இப்ப கூடிருச்சு, பிள்ள பூசினாப்புல ஆயிருச்சு" என்று சிரித்தார். அவர் மேல் கோபமில்லை, நம் ஊரில் அதெல்லாம் பாசக் கணக்கில்தான் வரும். எனக்குத்தான் அன்றிலிருந்து அந்த எண் தலைக்குள் ஒட்டிக்கொண்டது.

எங்கள் வீட்டில் பட்டினி கிடக்கச் சாக்கு தேடவே வேண்டாம். வெள்ளிக்கிழமை, சஷ்டி, பிரதோஷம், ஏகாதசி, புரட்டாசி சனி. காலண்டரைப் பார்த்தால் மாதத்தில் பாதி நாள் தேறும். திருப்பரங்குன்றம் கோயிலில் தெரிந்தவர்கள் யாரைப் பார்த்தாலும் அம்மாச்சி, "எம் பேத்தி கந்த சஷ்டி ஆறு நாளும் பச்சத்தண்ணிதான்" என்று பெருமையடிக்கும். விரதத்தை நான் குறை சொல்லவில்லை. அம்மாச்சியும்தான் ஆறு நாள் இருக்கும், ஏழாம் நாள் இலை போட்டு நிம்மதியாகச் சாப்பிடும். என் விரதத்துக்கு ஏழாம் நாள் என்று ஒன்று கிடையாது.

பகல் முழுக்கச் சாமி, ராத்திரி பத்து மணிக்கு மேல் அடுப்படி. விளக்குப் போடாமல் நின்றபடியே, மிச்சம் மீதி எது இருந்தாலும் அள்ளி அடைப்பேன். பிறகு வாந்தி. பிறகு கன்னாடி முன்னால் நின்று அழுகை. மறுநாள் காலையில் இன்னும் கடுமையாக ஒரு புதுச் சட்டம்.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு முதலில் ஒரு டாக்டரிடம் சொன்னபோது, "சோறு கிடைக்காம எத்தனை பேர் இருக்காங்க, உனக்கு இது ஒரு நோயா? கல்யாணம் பண்ணிக்க, சரியாயிரும்" என்றார். அதற்கப்புறம் நாலு வருடம் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தது ஒரு பல் டாக்டர். பல் கூசுகிறது என்று போயிருந்தேன். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு மேல் முன்பற்களின் பின்பக்கத்தைப் பார்த்தவர், உதவிக்கு நின்ற பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு, "அடிக்கடி வாந்தி வருமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். வயிற்று அமிலம் பட்டுப் பட்டு அந்த இடத்தில் எனாமல் கரைந்திருந்தது. வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்காதே, அமிலத்தோடு சேர்த்துத் தேய்ந்துவிடும், தண்ணீரில் கொப்பளி என்றார். ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். பொட்டாசியம் குறைந்திருந்தது. அது குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அங்கிருந்து மனநல மருத்துவர், அவரிடமிருந்து கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். புலிமியா என்று பெயர் சொன்னார்கள். பெயர் தெரிந்ததே பாதிப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

எனக்குக் கொடுத்தது சிபிடி வகைச் சிகிச்சை, அதாவது நினைப்பையும் பழக்கத்தையும் பேசிப் பேசியே மாற்றுகிற சிகிச்சை. இருபது செசன், முதல் நாலு வாரம் வாரத்துக்கு இரண்டு. முதல் நாளே சைக்காலஜிஸ்ட் மேடம் ஒரு தாளில் வட்டம் போட்டார். உடம்பை வைத்தே தன்னை எடை போடுவது, அதனால் கடுமையான விதி, விதி உடைவது, உடைந்ததும் 'எல்லாம் போச்சு' என்று தின்பது, வாந்தி, திரும்பவும் விதி. செக்குமாடு சுற்றுகிற மாதிரிதான். எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று நான் அழுதபோது ஒரு சோதனையைப் பற்றிச் சொன்னார். 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் திடமான 36 ஆண்களை எடுத்து, ஆறு மாதம் அரை வயிறாக வைத்திருந்திருக்கிறார்கள். சமையல் பக்கமே போகாதவர்கள் சமையல் குறிப்புப் புத்தகம் சேர்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை. திரும்பச் சாப்பிட விட்டபோது சிலரால் நிறுத்தவே முடியவில்லை. "அது உன் குணம் இல்லம்மா, பட்டினியோட குணம்" என்றார்.

அடுத்தது டைரி. எத்தனை மணிக்கு, என்ன, எங்கே, அப்போது மனசில் என்ன ஓடியது, அவ்வளவுதான். கலோரி எழுதக்கூடாது. நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மூன்று கலர் பேனாவில் எழுதிக்கொண்டு போனேன். மேடம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "ஏம்மா, ஏழு நாள்ல ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லையே?" "ரஃப்ல எழுதிட்டு ஃபேர் காப்பி பண்ணேன் மேடம்." "அந்த ரஃப் எங்க?" "கிழிச்சுப் போட்டுட்டேன்." பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கு அதுதான் வேணும்." என் நோய் எது என்பது சாப்பாட்டைவிட அந்த நோட்டில்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அதிலிருந்து பாடமே மாறியது. அலுவலகத்தில் வேண்டுமென்றே ஓர் எழுத்துப் பிழையோடு ஒரு கடிதத்தை அனுப்ப வேண்டும், அனுப்பும் முன் பயத்தை நூற்றுக்கு எத்தனை என்று எழுத வேண்டும். தொண்ணூற்றைந்து போட்டேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். ஆடிட்டர் சார் அந்தக் கடிதத்தைப் படிக்கவே இல்லை என்று மூன்று நாள் கழித்துத் தெரிந்தது!

சாப்பாட்டுக்கு ஒரே விதி, கடிகாரம். மூன்று வேளை, நடுவில் இரண்டு தடவை கொஞ்சம் ஏதாவது, நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. பசித்தாலும் பசிக்காவிட்டாலும், முந்தின ராத்திரி என்ன கூத்து நடந்திருந்தாலும், காலை டிபன் உண்டு. எடை மெஷின் பரணுக்குப் போனது. வாரத்தில் ஒரு நாள், மேடம் அறையில், இருவரும் சேர்ந்து பார்ப்போம். ஆறு வாரத்தில் ராத்திரி அடுப்படி பாதியாகக் குறைந்தது. நான் எதையும் சாதித்ததாக உணரவில்லை, பசி அடங்கியிருந்தது, அவ்வளவே.

மேலூர் அம்மா:

மல்லி, படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் மகளுக்கு 15 வயது. அவளுக்கு அனோரெக்சியா, எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்குகிற நோய். பத்தாம் வகுப்புப் படிப்பு டென்ஷன் என்றே நினைத்தோம். மாதவிலக்கு மூன்று மாதம் நின்ற பிறகுதான் விழித்துக்கொண்டோம். அதற்குள் என் மாமியார் இரண்டு இடத்தில் மந்திரித்துக் கயிறு கட்டியாகிவிட்டது.

நாடித் துடிப்பு ரொம்பக் குறைந்துபோய் மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாமியார் மறுநாளே ஐந்தடுக்குத் தூக்குச் சட்டியில் கறிக்குழம்பு, ஈரல், நெய்ச்சோறு என்று கொண்டு வந்துவிட்டார். வார்டு வாசலில் நர்ஸ் மறித்தார். "எம் பேத்திக்குச் சோறு போடக்கூடாதுங்க நீ யாரு தாயி?" என்று ஒரே சண்டை. அந்த நர்ஸ் பொறுமையாக அவரை பெஞ்சில் உட்கார வைத்து விளக்கினார். ரொம்ப நாள் காய்ந்த உடம்புக்குத் திடீரென்று நிறையச் சோறு போனால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும், அதனால் அளந்து அளந்துதான் கூட்ட வேண்டும் என்று. மாமியார் அந்தக் கறிக்குழம்பை வார்டில் இருந்த மற்றவர்களுக்குப் பங்கு வைத்துவிட்டு அழுதுகொண்டே பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்த பிறகு குடும்பத்தோடு சேர்ந்து செய்கிற சிகிச்சை. யாரால் வந்தது என்று தேடக்கூடாது, முதலில் அதைச் சொன்னார்கள். என்ன, எவ்வளவு சாப்பிடுவது என்பதைக் கொஞ்ச காலத்துக்குப் பெற்றவர்கள் முடிவு செய்ய வேண்டும், அவள் தேறத் தேறப் பொறுப்பை அவள் கையில் கொடுக்க வேண்டும். அவங்க அப்பா லீவு போட்டுவிட்டு மூன்று வேளையும் அவளோடு உட்கார்ந்தார். ஒரு தோசைக்கு ஐம்பது நிமிடம். "என்னைக் கொல்லப் பாக்குறீங்க" என்று தட்டைத் தள்ளுவாள். அவர் எதுவும் பேசாமல் தட்டைத் திரும்ப நகர்த்தி வைப்பார். கோபப்பட்டால் மொட்டை மாடிக்குப் போய்விட்டு வருவார்.

இப்போது சாயங்காலச் சிற்றுண்டி மட்டும் அவள் இஷ்டம். மீதி இன்னும் எங்கள் கையில். 'தேறிட்டியே, கன்னம் வெச்சிருச்சே' என்று யாரும் சொல்லக்கூடாது என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொன்னேன். பாதிப் பேர் என்னைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். சொல்லட்டும்.

புதூர்க்காரன்:

ஆம்பளைக்கும் வரும், யாராவது எழுதணுமே என்றுதான் எழுதுகிறேன். எனக்கு உல்டா, உடம்பு பத்தவில்லை என்கிற வியாதி. ஜிம், பவுடர், அவித்த கோழி. தாய்மாமா வீட்டுக் கிடாவெட்டுக்கு டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொண்டு போனவன் நான். மாமா இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

கவுன்சலிங்கில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கண்ணாடி பார்க்கிறேன் என்று எண்ணச் சொன்னார்கள். நிறுத்தியிருந்த பைக்குகளின் கண்ணாடி, கடைக் கண்ணாடி, எல்லாம் சேர்த்து. மத்தியானத்துக்குள் நாற்பதைத் தாண்டியது. அப்புறம் எண்ணுவதற்கே வெட்கமாகி விட்டுவிட்டேன். இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான் எழுத வருகிறது.

பெயர் வேண்டாம்:

அக்கா, காலேஜ் படிக்கிறேன், ஹாஸ்டல். வீட்டுக்குத் தெரியாமல் போக முடியுமா? காசும் இல்லை.

திருநகர் மல்லி:

பதினெட்டு முடிந்திருந்தால் நீயே போகலாம்மா. 2017ஆம் வருட மனநலச் சட்டப்படி நீ சொல்வதை ரகசியமாக வைத்திருப்பது அவர்கள் கடமை. உயிருக்கு ஆபத்து மாதிரி சில விதிவிலக்கு உண்டு. நம் பெரிய ஆஸ்பத்திரி, அதான் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு போட்டுப் பார்க்கலாம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 14416க்கு போன் போடு. டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். தனியாரிடம் போனால், கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்கார். மயக்கம், படபடப்பு ஏதாவது இருந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டு நேரே அவசரப் பிரிவுக்குப் போ.

உன் வயதில் எனக்குப் பிடித்தது ஒன்றைப் பற்றியே சொல்கிறேன். கடைசிக்கு முந்தின செசனுக்கு வீட்டுப்பாடம் பரோட்டா. தங்கச்சியும் நானும் கடையில் உட்கார்ந்தோம். மாஸ்டர் கல்லிலிருந்து எடுத்து அடுக்கி, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அடித்து உதிர்த்துப் போட்டார். சால்னா ஊற்றி முழுசாகச் சாப்பிட்டேன். அப்புறம் ஒரு மணி நேரம் எங்கும் ஓடாமல் இருக்க வேண்டும், அதுதான் பரீட்சையே. தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தோம். இரண்டாவது சுற்றில் தங்கச்சி ஆபீஸ் கதை ஏதோ சொல்ல, மணி பார்க்க மறந்துவிட்டேன்.

புதூர்க்காரன்:

மல்லி அக்கா, உங்க முதல் பதிவுல 'கன்னாடி'ன்னு இருக்கு. மூணு சுழி ண வரணும். மாத்திருங்க.

திருநகர் மல்லி:

போட்ட அடுத்த நிமிஷமே பார்த்துட்டேன் தம்பி. இருக்கட்டும்.