புதுப்பிப்பு: முன்பதிவு செய்த மின்சார கார் வந்துவிட்டது

கார் எப்போது வரும் என்று ஷோரூமில் உறுதியான பதிலே இல்லை, என்ன செய்யலாம் எனக் கேட்டிருந்தேன். இப்போது கைக்கு வந்துவிட்டது. உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, 'தேதியை விடுங்கள், எழுத்துகளும் இலக்கங்களுமாக 17 குறிகள் கொண்ட சேஸிஸ் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய தனி அடையாள எண்) எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்' என்ற யோசனைதான். மின்னஞ்சலில் கேட்டதும், என் பெயருக்கு வண்டியே ஒதுக்கப்படவில்லை என்று தெரிந்தது; நான் கேட்ட நிறத்துக்காகத்தான் அத்தனை காத்திருப்பு. கையிருப்பில் இருந்த வேறு நிறத்துக்குச் சம்மதித்தேன். எண் உடனே வந்தது.

எதிர்பாராதது ஒன்று: யார்டில் நெடுநாள் நின்றதால் 12 வோல்ட் துணை பேட்டரி இறங்கியிருந்தது. காரை ஓட்டும் பெரிய பேட்டரியில் போதிய சார்ஜ் இருந்தும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலேக்களை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளை) இயக்குவதே இந்தச் சின்ன பேட்டரிதான். டெலிவரி எடுப்பவர்கள் இதை அவசியம் சோதித்துப் பாருங்கள். புதியது மாற்றித் தந்த பிறகே நான் கையெழுத்திட்டேன்.