கேஷி யெனாவுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் தேவை)

அனைவருக்கும் வணக்கம்.
கரீபியன் தீவான குராசோவின் சமையல் பற்றிய ஆவணப்படத்துக்கு சப்டைட்டில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கேஷி யெனா என்ற பண்டம் படம் முழுக்க வருகிறது. ஈடம் எனும் டச்சு சீஸ் உருண்டையின் தலையைச் சீவி, உள்ளே குடைந்தெடுத்து, வதக்கிய கோழிக்கறி, ஆலிவ், கேப்பர், உலர்திராட்சை எல்லாம் அடைத்து, சீவிய தலையையே மூடியாக்கி பேக் செய்கிறார்கள். அத்தீவின் பாப்பியமெந்து மொழியில் கேஷி என்றால் சீஸ், யெனா என்றால் நிறைத்தது. 'திணித்த பாலாடைக்கட்டி' என்று போட்டால் திரையில் வரி கொள்ளவில்லை.
– ந.

> பாலாடைக்கட்டி
முதலில் இதை விடுங்கள். ஆடை என்பது காய்ச்சிய பாலின்மேல் படிவது. சீஸோ பாலைத் திரித்து நீர் வடித்துச் செய்வது. 'கட்டி' போதும். ஊறுகாய் போல வினைத்தொகையாக 'பொதிகட்டி' என்க, ஒற்றும் மிகாது. பொதிசோறு நம்மிடம் உள்ளதுதானே? திருப்பைஞ்ஞீலி வழியில் அப்பர் பசித்து வந்தபோது இறைவன் நீட்டியது அதைத்தான்.
– இரா.

ஐயா, அப்பர் சைவம். கோழிக்கறிக்கு அவரை ஏன் இழுக்கிறீர்கள்? 'பொதிகட்டி' என்றால் எங்கள் ஊரில் பத்துப் போடச் சொல்வார்கள். 'பூரணச் சீஸ்' என்று வையுங்கள், கொழுக்கட்டை தின்ற எவருக்கும் புரியும்.
– க.

பூரணம் வடசொல். சீஸ் ஆங்கிலம். இதில் தமிழ் எங்கே, அந்த 'ச்' மட்டுமா?
– இரா.

இரா. ஐயாவுக்கு ஒரு கெட்ட செய்தி. யெனா ஸ்பானிய மொழி வழியாக லத்தீன் ப்ளேனுஸில் போய் நிற்கிறது. ப்ளேனுஸும் பூர்ணமும் ஒரே வேர். மூலத்துக்கு இதைவிட நெருங்கிய சொல் கிடைக்காது. தொல்காப்பியர் விலக்கச் சொன்னது வடவெழுத்தை. பூரணத்தில் அது எங்கே இருக்கிறது?
– மு.

பங்காளி என்றால் அவர்கள் பந்தியில் உட்காரட்டும்.
– இரா.

மொழிபெயர்க்கவே வேண்டாம் என்பது என் கட்சி. மெக்சிகோவின் யுகடானிலும் இதே ஈடம் உருண்டையில் பன்றிக்கறிக் கொத்து அடைக்கிறார்கள். அதன் ஸ்பானியப் பெயருக்கும் 'நிறைத்த சீஸ்' என்றே பொருள். நீங்கள் எதை வைத்தாலும் இரண்டும் ஒன்றாகிவிடும். இன்னொன்று, எல்லாரும் உள்ளே இருப்பதையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். டச்சுக்காரர்கள் 1634இல் குராசோவைப் பிடித்தார்கள். அடிமைமுறை ஒழிந்தது 1863இல். எசமானர்கள் சீஸைத் தின்றுவிட்டு எறிந்த தோட்டில் அடிமைகள் மிச்சம்மீதியை அடைத்துச் சமைத்தார்கள் என்றுதான் அங்கே கதை சொல்கிறார்கள். அந்தத் தோடு உங்கள் சொல் எதிலும் இல்லை.
– ஜெ.

அப்படியானால் 'தோட்டுக்கறி'?
– க.

தோட்டத்தில் விளைந்தது என்று நினைப்பார்கள்.
– மு.

நேரமில்லை, நண்பர்களே. முதல் இடத்தில் 'கேஷி யெனா எனும் பூரணச் சீஸ்', பிறகு வெறும் கேஷி யெனா. நால்வருக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.
– ந.

ஐந்தாமவனுக்குச் சம்மதமில்லை என்பதையும் எழுதி வையுங்கள். பொதிகட்டிதான் சரி. போகட்டும், கேப்பருக்கு என்ன போட்டீர்கள்?
– இரா.