திணைக்களம்னு வெக்கலாமா? க்ளாஸ் ஃபீல்டுக்குத் தமிழ்

அண்ணா, எண் கணிதத்துல வர்ற க்ளாஸ் ஃபீல்டுங்கிற சொல்லுக்கு நீங்க நேத்து போட்ட "வகுப்புக்களம்" எனக்கு ஒட்டல. வகுப்புன்னா ஒண்ணு பத்தாம் வகுப்பு, இல்லன்னா வகுப்புக் கலவரம், பின்னாடி களம் வேற வந்து நிக்குது. வகைக்களமும் வேணாம், வகைக்கெழு, வகையீடுன்னு கால்குலஸ்காரங்க அந்த வகையை எப்பவோ பட்டா போட்டுக்கிட்டாங்க.

அது என்ன வேலை பண்ணுதுன்னு பாத்துட்டுப் பேர் வெப்போம். 29ங்கிற பகா எண் 3×3 + 5×2×2. 41ம் அப்படித்தான், 6×6 + 5×1×1. ஆனா 3, 7, 23 எல்லாம் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் இந்த அச்சுல வராது. காரணம், பின்ன எண்களோட √-5 சேத்த களத்துல (அதாவது ஃபீல்டு, கூட்டிக் கழிச்சுப் பெருக்கி வகுக்க முடியுற எண் கூட்டம்) ஐடியல்கள் (பகாக் காரணியாப் பிரிக்க எண்ணுக்குப் பதிலா எடுத்துக்கிற எண் தொகுதிகள்) ரெண்டே ரெண்டு இனமாப் பிரியுது. அது மேல √-1ஐயும் சேத்து இன்னொரு களம் கட்டினீங்கன்னா 29, 41 அதுல முழுசா உடையும் (எத்தனை துண்டா உடைய முடியுமோ அத்தனை துண்டா), 3, 7 முழுசா உடையாது. அதாவது யாரு எந்த இனம்னு அந்த மேல் களத்துக்குத் தெரியும்.

இதைப் பொதுவா நிரூபிச்சவர் ஜப்பான்காரர் தெய்ஜி தகாகி. 1875ல கிஃபு பக்கம் ஒரு கிராமத்துல பொறந்து, 1898ல ஜெர்மனி போயி, பெரிய கணிதர் ஹில்பர்ட் இருந்த கோட்டிங்கன்லயும் இருந்துட்டு 1901ல திரும்பினவர். 1914ல போர் வந்ததும் ஜெர்மன் புஸ்தகம், ஜர்னல் எல்லாம் நின்னு போச்சு, தனியா உக்காந்து யோசிக்கிறார். ஹில்பர்ட் கிளைக்காத விரிவுகளோட (விரிவுன்னா ஒரு களத்து மேல கட்டின பெரிய களம், கிளைக்காததுன்னா பகா எண் உடையும்போது ஒரே காரணி திரும்ப வராதது) நிறுத்திக்கிட்டாரு, இவர் அந்தக் கட்டுப்பாட்டைத் தூக்கிப் பாத்தா எல்லா ஏபெல் விரிவும் (சமச்சீர்களை எந்த வரிசையில செஞ்சாலும் ஒரே விடை வர்ற விரிவு) க்ளாஸ் ஃபீல்டாவே வந்து நிக்குது. இவ்வளவு அழகா வந்தா எங்கயோ தப்பு இருக்கணும்னு அவருக்கே நம்பிக்கை இல்ல, தப்பைத் தேடித் தேடியே மூளை கலங்குற நிலைமைக்குப் போயிட்டாராம். சரிபாத்துச் சொல்லப் பக்கத்துல ஆளும் இல்ல. 1920ல கட்டுரை வந்துச்சு, அதே வருஷம் ஸ்ட்ராஸ்பூர்க் மாநாட்டுல பேசினாரு, ஆனா ஜெர்மன்காரங்களை அங்க கூப்பிடவே இல்லயே, புரிஞ்சுக்க வேண்டியவங்களே இல்லாத சபை! அப்புறம் ஜெர்மனியில இருந்த கணிதர் சீகல் மூலமா இன்னொரு கணிதர் ஆர்ட்டின் கைக்குப் போனப்புறம்தான் சூடு பிடிச்சுது.

இப்ப சொல்லுக்கு வரேன். ஜப்பான் மொழியில இது ருய்தாய். ருய்னா இனம், தாய்னா உடம்பு (நம்ம தாய் இல்ல!). கணிதர் டெடகிண்ட் களத்துக்கு ஜெர்மன்ல உடம்புன்னு அர்த்தம் வர்ற கோர்பர்னு வெச்சாரு, அவங்க அதையே எடுத்துக்கிட்டாங்க. நாம இங்கிலீஷ் வழியா வந்ததால நமக்குக் களம். உடம்புன்னு வெச்சு "மெய்"னு போடலாம்னா "மெய்யெண்களின் மெய்"னு எழுதணும், படிக்கிறவன் ஓடிருவான்.

இனத்துக்கு நம்மகிட்டயே இலக்கணத்துல சொல் இருக்கே, திணை. √-5ல கரெக்டா ரெண்டு, உயர்திணை, அஃறிணை மாதிரி. வந்தான், வந்ததுன்னு வினைமுற்றைப் பாத்தாத் திணை தெரியுற மாதிரி, மேல் களத்துல பகா எண் உடையுற விதத்தைப் பாத்தா இனம் தெரியுது. அதனால திணைக்களம். என்ன சொல்றீங்க?

-----

தம்பி, வடிவா யோசிச்சிருக்கிறீர். ஆனா இஞ்ச இலங்கையில திணைக்களம் எண்டா டிப்பார்ட்மெண்ட் எல்லோ! குடிவரவுத் திணைக்களம், பரீட்சைத் திணைக்களம் எண்டு போர்டு தொங்குது. ஹில்பர்ட் திணைக்களம் எண்டு சொன்னா எங்கட பெடியள் ஃபோம் எங்க நிரப்பிக் குடுக்கிறது எண்டு கேப்பாங்கள். திணையை வச்சிருங்கோ, களத்தை மாத்துங்கோ.

-----

அய்யோ அண்ணை, அது ஞாபகமே வரல, ஒரு மணி நேரமாச் சிரிச்சுக்கிட்டு இருக்கேன். சரி, அப்ப திணைப்புலம். காந்தப்புலம் ஃபிசிக்ஸ்ல இருக்கேன்னு யாராவது கேப்பாங்க, ஆனா இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே ஃபீல்டுதான, அவங்களே குழம்பாம ஓட்டுறாங்க. மத்த எடத்துல களம்னு எழுதினதையும் புலம்னு மாத்தணும், அதான் கொஞ்சம் வேலை. அண்ணா, ஐடியலுக்கு நீங்க ஏதாவது யோசிச்சு வெச்சிருக்கீங்களா, நான் மேல அப்படியே விட்டுட்டேன்.