புதுப்பிப்பு: வேதம் வாசித்தும் மனதில் எதுவும் தங்கவில்லை என்று எழுதியிருந்தேனே

தினமும் பைபிளில் நான்கு அதிகாரம் வாசிக்கிறேன், மூடி வைத்ததும் மறந்துபோகிறது, ஜெபமோ வெறும் விண்ணப்பப் பட்டியலாகிவிட்டது என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். "குறைவாக வாசியுங்கள், வாசித்ததையே ஜெபமாக்குங்கள்" என்று பலர் சொன்னீர்கள். செய்தேன்.

பைபிளின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் 119-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொண்டேன். 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள். மூல மொழியான எபிரெயத்தில் ஒரு பகுதியின் எட்டு வசனங்களும் ஒரே எழுத்தில் தொடங்குமாம். நாளுக்கு ஒரு பகுதி, அவ்வளவுதான். முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. எட்டு வசனத்தை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகத்தான் கை துடித்தது.

பிறகு ஒன்று கண்ணில் பட்டது. இந்தச் சங்கீதத்தை எழுதிய, வேதத்தை இவ்வளவு நேசிக்கிற மனிதரே "எனக்குப் போதியும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். நான் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறேன். இப்போது வேதத்தைத் திறக்குமுன் அந்த இரண்டு வார்த்தைதான் என் ஜெபம்.

இருபத்திரண்டாம் நாள் கடைசி வசனத்துக்கு வந்தேன். காணாமற்போன ஆட்டைப்போல வழிதப்பிப்போனேன், அடியேனைத் தேடும் என்று முடிகிறது. 175 வசனம் கர்த்தருடைய வார்த்தையைப் புகழ்ந்தவர் அப்படித்தான் முடிக்கிறார்! நோட்டில் அதை எழுதும்போது அழுதுவிட்டேன். என்னைப் போன்றவர்களுக்கும் இந்த ஜெபத்தில் இடம் இருக்கிறது.

சில காலைகள் இன்னமும் வறட்சிதான், மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் உட்காருகிறேன். நாளை புதிய ஏற்பாட்டில் யாக்கோபு நிருபம் (கடிதம்) தொடங்குகிறேன், அதே வேகத்தில். பதில் எழுதிய எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.