மாண்டரின் மீனோட வயிறு ஒட்டிக்கிட்டே போகுது, எதையும் வாயில வைக்க மாட்டேங்குது, உதவி பண்ணுங்க

ஈரக்கை:
வணக்கம், கொஞ்சம் அவசரம். 200 லிட்டர் ரீஃப் டேங்க் (பவளம் வளக்கற கடல் மீன் தொட்டி), ஆரம்பிச்சு 8 மாசம் ஆகுது, ட்ரை ராக் (உயிர் எதுவும் ஒட்டாத காஞ்ச பாறை) வச்சு ஆரம்பிச்சது. உள்ள இருக்கற மீனுங்க 2 க்ளவுன், 1 ஃபயர்ஃபிஷ், 1 சிக்ஸ் லைன் ராஸ். 5 வாரம் முன்னாடி ஒரு பச்ச மாண்டரின் விட்டேன். வந்த புதுசுல கொழுகொழுன்னு இருந்துச்சு, நாள் பூரா பாறைய கொத்திக்கிட்டே இருக்கும், சரி சாப்பிடுதுன்னு நானும் நிம்மதியா இருந்துட்டேன். போன வாரம் கண்ணாடில ஒட்டி நின்னப்போதான் அடிப்பக்கத்த பாத்தேன், பக்கத்துடுப்புக்கு பின்னாடி வயிறு உள்வாங்கி குழி விழுந்திருக்கு, மேல இருந்து பாத்தா தலை மட்டும் பெருசா உடம்பு கத்தி மாதிரி தெரியுது. பெல்லட் திரும்பிக்கூட பாக்கல. ஃப்ரோசன் மைசிஸ் (உறைய வச்ச குட்டி இறால் மாதிரி தீனி) மூக்குக்கு நேரா விழுந்தாலும் கண்ண உருட்டி ஒரு நிமிஷம் பாத்துட்டு நகந்துடுது. ஒரு பாட்டில் கோப்பிபாட் (மாண்டரின் மேயற பொடிப்பொடியான நீர் உயிர்) வாங்கி ஊத்தினேன், ராஸ் அங்கயே நின்னு பாதிய முழுங்கிடுச்சு. உப்புத்தண்ணி அடர்த்தி 1.025, சூடு 26, அமோனியா நைட்ரைட் 0, நைட்ரேட் 10. இத காப்பாத்த முடியுமா?

பாறையடி:
முடியும், இன்னும் கொத்துதுன்னா முடியும். சில கேள்வி. சம்ப்ல (டேங்க்கோட சேந்த வடிகட்டி தொட்டி) ஃபில்டர் சாக், அதாவது வடிகட்டற துணிப் பை, இருக்கா? யூவி விளக்கு ஓடுதா? ரெஃப்யூஜியம் (மீன் இல்லாம பாசியும் கோப்பிபாட்டும் வளர விடற தனி இடம்) இருக்கா? கழிவு என்ன நிறம்? இந்த டேங்க்ல எப்பவாவது காப்பர் மருந்து போட்டீங்களா? அப்புறம் முக்கியமா, லைட் அணைச்சு 2 மணி நேரம் கழிச்சு டார்ச் அடிச்சு கண்ணாடிய பாருங்க, வெள்ளையா பொடிப்பொடியா கோப்பிபாட் ஓடுதான்னு.

ஈரக்கை:
சாக் இருக்கு அண்ணா, யூவி இல்ல, ரெஃப்யூஜியம் இல்ல, காப்பர் போட்டதே இல்ல. கழிவு பழுப்பா சின்னதா வருது, ஆனா ரொம்ப கம்மி. நேத்து ராத்திரி டார்ச் அடிச்சு பாத்தேன், முன் கண்ணாடி முழுக்க தேடி 3 தான் கண்ணுல பட்டுச்சு. அதையும் எண்ணிட்டு இருக்கறப்பவே மனசு கஷ்டமாயிடுச்சு.

பாறையடி:
அப்ப விஷயம் தெளிவு தம்பி. கழிவு பழுப்பா வருதுன்னா குடல் புழுவா இருக்க வாய்ப்பு கம்மி, வெள்ளையா நூல் மாதிரி வந்தா மட்டும் அந்தப் பக்கம் யோசிக்கலாம். மீன் சாப்பிட மறுக்கல, டேங்க்ல சாப்பாடு தீந்து போச்சு, அது கொத்தறது வெறும் பாறைய. இந்த மீனுக்கு வயித்துல சேத்து வச்சுக்கற வசதி கிடையாது, சின்ன குடல், சில நொடிக்கு ஒரு கொத்துன்னு விடிஞ்சதுல இருந்து லைட் அணையற வரைக்கும் மேஞ்சுக்கிட்டே இருக்கணும், ஆடு மாடு மாதிரி. ட்ரை ராக்ல ஆரம்பிச்ச 8 மாச டேங்க், அதுல பாட்ஸ் (கோப்பிபாட்) திங்கற இன்னொரு வாயா சிக்ஸ் லைன் வேற, மிச்சம் தப்பிச்சது சாக்ல மாட்டி செத்துருக்கும். முதல் 2, 3 வாரம் நல்லா இருந்தது அதுவரைக்கும் பாறைல சேந்திருந்த சேமிப்பு.

இப்ப ரெண்டு வேலைய ஒரே நேரத்துல பண்ணணும். ஒண்ணு, இன்னிக்கே வயித்துக்கு ஏதாவது போகணும். அதுக்கு ஆர்டிமியா (குட்டி உப்புநீர் இறால்) முட்டை வாங்கி பொரிக்க வைங்க. 1 லிட்டர் தண்ணிக்கு 25 கிராம் உப்பு, 27 டிகிரி சூடு, நல்லா காத்து, மேல லைட், 24 மணி நேரத்துல ஆரஞ்சு கலர்ல குஞ்சு வந்துடும். காத்த நிறுத்தினா ஓடு மேல மிதக்கும், குஞ்சு அடில வெளிச்சம் இருக்கற பக்கம் கூடும், அங்க இருந்து குழாய் வச்சு உறிஞ்சி துணில வடிகட்டி நல்ல தண்ணில அலசி குடுங்க, ஓடு உள்ள போக விடாதீங்க. பொரிச்ச சில மணி நேரத்துக்குள்ள குடுத்தாதான் அதோட மஞ்சக்கரு சத்து மீனுக்கு கிடைக்கும், நேரம் ஆக ஆக அது தானே அத கரைச்சிடும்.

ரெண்டாவது, பாட்ஸ் திரும்ப பெருகணும். சாக்க இன்னிக்கே கழட்டுங்க. அடுத்த பாட்டில் வாங்கறப்ப டிஸ்பேங்கற கோப்பிபாட் வகை இருக்கற பாட்டிலா பாத்து வாங்குங்க, அது பாறை இடுக்குல போய் ஒட்டி அங்கயே பெருகும். டிக்ரியோபஸ்னு இன்னொரு வகை பெருசு, மீனுக்கு பிடிக்கும், ஆனா குளிர்ந்த கடலோர குட்டைல வாழறது, நம்ம சூட்டுல நிலையா பெருகும்னு நம்ப முடியாது, தீனியா வேணா குடுக்கலாம். ஊத்தறது லைட் அணைஞ்ச பிறகு, பம்ப்ப அரை மணி நேரம் நிறுத்திட்டு, குழாய் வச்சு பாறை அடில விடணும். பகல்ல ஊத்தினா ராஸுக்கு விருந்துதான்.

நீலத்துடுப்பு:
பூண்டுச் சாறு தொட்டு மைசிஸ் குடுத்து பாத்தீங்களா? என் மீன் சிலது அப்படி சாப்பிட ஆரம்பிச்சுது.

பாறையடி:
மாண்டரினுக்கு வாசனைல பிரச்சனை இல்லீங்க, அது அசையறத பாத்து கொத்தற மீன். இந்த நிலைமைல அதுல நாள கழிக்க வேண்டாம்.

கீட்டோப்பந்து:
பாறையடி சொன்னது அத்தனையும் சரி, ஒரு விஷயம் மட்டும் சேத்துக்கறேன். ஆர்டிமியாவ டேங்க்ல அப்படியே விட்டா க்ளவுன் 2 நிமிஷத்துல முடிச்சிடும். அதனால உள்ள தொங்கற பிரீடர் பாக்ஸ் (மீன தனியா வைக்கற குட்டிப் பெட்டி) ஒண்ணு வாங்கி, அடில டேங்க்ல இருந்தே எடுத்த ரெண்டு சின்ன கல்லு போட்டு, மாண்டரின அதுல விடுங்க, துணி வலையால பிடிக்காதீங்க, முள்ளு மாட்டிக்கும், ஒரு டப்பால ஓட்டி எடுங்க. அதோட செவுள் பக்கத்துல முள்ளு இருக்கும், வலைல சிக்கினா பிரிக்கவே முடியாது, நான் ஒரு தடவ வலைய கத்தரிச்சு விட வேண்டியதாயிடுச்சு. பாக்ஸ்ல ஒரு நாளைக்கு 4 தடவ கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. அங்க இருக்கறப்பவே ஆர்டிமியா கூட மீன் முட்டை கொஞ்சம் கலந்து விடுங்க, உருண்டையா சின்னதா இருக்கறதால எனக்கு தெரிஞ்சு மாண்டரின் முதல்ல ஒத்துக்கற செத்த தீனி அதுதான்.

ராஸ கண்டிப்பா வெளிய அனுப்புங்க. வருத்தமா இருக்கும், தெரியும். ஆனா இந்த அளவு டேங்க்ல ரெண்டும் ஒரே தட்டுல சாப்பிடறது நடக்காது.

ஈரக்கை:
4வது நாள். சாக் கழட்டிட்டேன். பாக்ஸ்ல விட்ட முதல் நாள் மூலைல ஒடுங்கி நின்னுச்சு, வெளிறிப் போச்சு, தப்பு பண்ணிட்டமோன்னு ராத்திரி தூக்கமே வரல. அடுத்த நாள் காலைல ஆர்டிமியா விட்டேன். கழுத்த நீட்டி நின்னுச்சு, கண்ணு ரெண்டும் தனித்தனியா சுத்துச்சு, அப்புறம் அந்த குட்டி வாய் குழாய் மாதிரி முன்னாடி வந்து டக்குனு ஒண்ண எடுத்துச்சு. எண்ணினேன், ஒரு நிமிஷத்துல 11 கொத்து. மீன் முட்டைய வாயில வாங்கி துப்பிடுச்சு.

கீட்டோப்பந்து:
துப்பறது நல்ல சகுனம், வாயில வாங்கிடுச்சுல்ல. நிறுத்தாம தினமும் கலந்தே குடுங்க.

ஈரக்கை:
19வது நாள். ராஸ பெரிய டேங்க் வச்சிருக்கற ஒரு நண்பர் எடுத்துக்கிட்டார். சம்ப்ல ஒரு பக்கம் கீட்டோ பாசிப் பந்து போட்டு ராத்திரி லைட் வச்சிருக்கேன், டிஸ்பே 2 பாட்டில் விட்டாச்சு, பாட்ஸுக்கு தீனியா பைட்டோ (நுண்பாசி) தினமும் கொஞ்சம். மீன் முட்டைய 9வது நாள் முழுங்கிடுச்சு, இப்ப தேடி வந்து எடுக்குது. வயித்துக் குழி முழுசா மூடல, ஆனா மேல இருந்து பாத்தா கத்தி மாதிரி இல்ல. எப்ப டேங்க்ல திரும்ப விடலாம்?

பாறையடி:
ரொம்ப சந்தோஷம் தம்பி. அவசரப்படாதீங்க. டிஸ்பே ஒரு தலைமுறை வளர ஏறக்குறைய 2 வாரம் ஆகும், அதனால இன்னும் ஒரு 3 வாரம் பாக்ஸ்லயே இருக்கட்டும். டார்ச் அடிச்சா எண்ண முடியாத அளவுக்கு கண்ணாடில ஓடணும், அன்னிக்கு விடுங்க. விட்ட பிறகும் அதே மூலைல, அதே நேரத்துக்கு குழாய்ல தீனி காட்டுங்க, அது வந்து நிக்க பழகிக்கும்.

ஈரக்கை:
சரி அண்ணா. நேத்து ராத்திரி எண்ணினேன், முன் கண்ணாடில 40க்கு மேல. சம்ப் கண்ணாடில எண்ணவே முடியல.