போலீஸ் வேலையில் சேர்ந்தபின் வெளி நட்புகளைக் காப்பாற்றுவது எப்படி?

கேள்வி: புதுஷிப்ட்

சேர்ந்து இரண்டு மூன்று வருடத்துக்குள் பெரும்பாலான போலீஸ்காரர்களுக்கு டிபார்ட்மென்ட் ஆட்களைத் தவிர வேறு நண்பர்களே இல்லாமல் போய்விடுகிறது. ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது, கடைசி நேரத்தில் லீவு ரத்தாகிறது. வருகிற நண்பர்களும் "ஒரு சின்ன உதவி" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். "மனம்விட்டுப் பேசுங்கள்" மாதிரி பொது அறிவுரை வேண்டாம். நடைமுறையில் என்ன செய்தால் ஓடும்? டிபார்ட்மென்ட் நட்பு மட்டும் போதும் என்று விட்டுவிடுவதில் என்ன தப்பு?

பதில் 1: பாராஉஷார்

முதலில் கணக்கு. ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும். நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல். மாதம் இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு மணி நேரம் என்றால் வருடத்துக்கு 48. அதாவது ஒரு வருடம் தவறாமல் சந்தித்தாலும் முதல் படியையே தொடவில்லை. டிபார்ட்மென்ட் நட்பு ஏன் வேகமாக இறுகுகிறது என்பதும் இதிலேயே தெரியும்: ஒரே ரோந்து வண்டியில் எட்டு மணி நேர ஷிப்டாக 25 ஷிப்ட் போனாலே 200 வந்துவிடும். ஆகவே புது நட்பைத் தேடுவதைவிட, ஏற்கெனவே மணிக்கணக்கு சேர்ந்திருக்கிற பழைய ஆட்கள் மூன்று நான்கு பேரைப் பிடித்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

ரோஸ்டர் (டூட்டிப் பட்டியல்) கைக்கு வந்த அன்றே அவர்களுக்கு உங்கள் காலி நாட்களை அனுப்பிவிடுங்கள். "காலி", "காலி இல்லை" இவ்வளவுதான். எந்த ஏரியா, எந்த டூட்டி என்பது அதில் வரக்கூடாது.

இங்கே நிறையப் பேர் சறுக்குவது கடைசி நைட் முடிந்த மறுநாளை ஆஃப் என்று எண்ணிக்கொள்வதில். அது ஆஃப் இல்லை, தூங்குகிற நாள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவர் அளவுக்கு விழுந்துவிடும் என்று 1997-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். அந்த நிலையில் வண்டி ஓட்டிப் போய், சந்தித்த இடத்தில் கொட்டாவி விட்டால் நட்பும் வளராது, வண்டிக்கும் உத்தரவாதம் இல்லை. தூங்கி எழுந்து மாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேதி குறிக்கும்போதே மாற்றுத் தேதியும் சேர்த்துச் சொல்லுங்கள். டூட்டி விழுந்தது தெரிந்த உடனேயே செய்தி போக வேண்டும், அதில் அடுத்த நாளும் இருக்க வேண்டும். "ஸாரி, டூட்டி" என்று மட்டும் மூன்று தடவை அனுப்பினால் நாலாவது தடவை உங்களைக் கூப்பிட மாட்டார்கள். கோபத்தால் இல்லை, தொந்தரவு செய்ய வேண்டாமே என்ற நல்லெண்ணத்தால்!

நீங்கள் இல்லாவிட்டாலும் நடக்கிற கூட்டமாகப் பார்த்துச் சேருங்கள். பத்துப் பேர் நடைப்பயிற்சிக் குழு சரி. நாலு பேர் இருந்தால்தான் ஆட்டம் என்கிற இரட்டையர் பேட்மின்டனில் சேர்ந்தால் நீங்கள் வராத ஒவ்வொரு நாளும் மூன்று பேர் உங்களைத் திட்டுவார்கள்.

பதில் 2: மூன்றாம்மணி

உதவி கேட்கிற விஷயத்துக்கு வருகிறேன். வேலையே போவது பெரும்பாலும் இங்கேதான்.

வண்டி நம்பர் யாருடையது, புது வாடகைக்காரர் மேல் கேஸ் இருக்கிறதா, பிரிந்துபோன மனைவி இப்போது எங்கே இருக்கிறார். கேட்கிறவருக்கு இது இரண்டு நிமிட வேலை. ஆனால் கணினியில் தேடினால் யாருடைய ஐடி, எத்தனை மணிக்கு, என்ன தேடினார் என்று பதிவாகிவிடும். ஆறு மாதம் கழித்துத் தணிக்கையில் "எந்த வழக்குக்காக?" என்று கேட்டால் பதில் இருக்காது. பல நாடுகளில் இது துறை நடவடிக்கையோடு நிற்காது, குற்ற வழக்காகவே போகும். அதைவிடப் பயங்கரம், முகவரி கேட்டவர் அந்தப் பெண்ணைத் துரத்திக்கொண்டிருப்பவராக இருக்கலாம்.

மறுப்பதற்கு ஒரே வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள்: "நான் பார்த்தால் என் பெயரில் பதிவாகும், அதனால் யாருக்குமே பார்ப்பதில்லை. புகார் எப்படி எழுதுவது, எங்கே கொடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன்." இதில் முக்கியமான சொல் "யாருக்குமே". ஒருவருக்குப் பார்த்துவிட்டு இன்னொருவருக்கு மறுத்தால் அது விதி இல்லை, பாரபட்சம். அப்படித்தான் பகை வரும். வழிமுறை சொல்வது தப்பே இல்லை, தாராளமாகச் சொல்லுங்கள்.

நண்பர்மேலேயே விசாரணை வந்தால் மேலதிகாரியிடம் எழுத்தில் தெரிவித்துவிட்டு அந்த வழக்கிலிருந்து ஒதுங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னது பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது. நண்பரிடம் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது, "பயப்படாதே" என்பதுகூட. அதையே தகவல் கொடுத்ததாக வாசிப்பார்கள்.

பதில் 3: ஜன்னலோரம்

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் எல்லாப் பழியையும் ரோஸ்டர்மேல் போட முடியாது. ஆபத்தும் அதிகாரமும் சேர்ந்து போலீஸ்காரரை ஊரிலிருந்து விலக்கிவிடுகின்றன என்று அமெரிக்க சமூகவியலாளர் ஜெரோம் ஸ்கோல்னிக் 1966-இலேயே எழுதினார். கதவைப் பார்த்தபடி உட்காருவது, புது ஆளின் கையை முதலில் கவனிப்பது எல்லாம் டூட்டியில் உயிர் காக்கும். நண்பர் வீட்டில் அதுவே எதிரில் இருப்பவரைச் சங்கடப்படுத்தும்.

குறிப்பாகப் பேச்சு. "எங்கே போனே? யார் கூட? எப்போ திரும்பினே?" மூன்று கேள்வி அடுத்தடுத்து வந்தால் அது அரட்டை இல்லை, விசாரணை. ஒரு கேள்வி கேட்டால் அடுத்து உங்களைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள். பதில் வந்தபிறகும் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிற பழக்கம் இருக்கிறதே, அதை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொன்று: டூட்டி முழுக்க உஷாராக இருந்த உடம்பு வீட்டுக்கு வந்ததும் சோபாவில் சரிந்துவிடும். அப்போது "வர்றியா?" என்று கேட்டால் பதில் எப்போதும் "இல்லை"தான். அதனால் போவதா வேண்டாமா என்பதை ஷிப்டுக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். முடிந்தபிறகு அதை மறுபரிசீலனை செய்யாதீர்கள்.

பதில் 4: மெல்லநட

டிபார்ட்மென்ட் நட்பு மட்டும் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். மோசமான நாளுக்குப் பிறகு விளக்கமே தேவைப்படாத ஆள் அவர்கள்தான், அதனால் கட்டாயம் வேண்டும். ஆனால் ஒருவர் பதவி உயர்ந்தால் நண்பர் மேலதிகாரி ஆகிவிடுகிறார். சஸ்பென்ஷன் வந்தால் "பேசினால் நமக்கும் சிக்கல்" என்று மொத்தப் பேரும் ஒரே நாளில் ஒதுங்குவார்கள், சில இடங்களில் பேசக்கூடாது என்று உத்தரவே வரும். ஒரே கூடையில் எல்லா நட்பையும் வைத்தவர் அன்று தனி ஆள்.

புதுஷிப்ட்

நன்றி. ஒன்று மட்டும்: நண்பர் வீட்டு விருந்தில் யாராவது போதைப்பொருளை எடுத்தால்?

மூன்றாம்மணி

உடனே கிளம்பிவிடுங்கள். டூட்டியில் இல்லாதபோதும் நடவடிக்கை எடுத்தாக வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு, துறைக்குத் துறை மாறும். உங்கள் நடத்தை விதிகளை இப்போதே படித்து வையுங்கள், விருந்தில் நின்றுகொண்டு தேட முடியாது. தெரிவிக்க வேண்டும் என்று விதி இருந்தால் அன்றே தெரிவியுங்கள். விசாரணை என்று வந்தால் "பார்த்த பிறகு எவ்வளவு நேரம் அங்கே இருந்தீர்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள். போவதற்கு முன்பே விருந்து வைக்கிற நண்பரிடம் "அந்த மாதிரி எதாவது இருக்கும்னா நான் வரல, தப்பா நினைக்காதே" என்று சொல்லிவிட்டால் கிளம்பும்போது விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.