இரண்டு லேப், இரண்டு ரிசல்ட்: ஹெர்பிஸ் ரிப்போர்ட்டில் எதை நம்புவது?

தெப்பக்குளம்27:
சந்தேகப்படுற தொடர்பு நடந்து 5 வாரத்துல, கே.கே. நகர் லேப் ஒண்ணுல எடுத்தது: ஹெச்எஸ்வி (ஹெர்பிஸ் வைரஸ்) 1+2 ஐஜிஎம் (தொற்று வந்ததும் முதல்ல வர்ற எதிர்ப்பொருள்) பாசிட்டிவ், ஹெச்எஸ்வி-2 (பெரும்பாலும் பிறப்புறுப்புல வர்ற வகை) ஐஜிஜி (பிறகு வந்து நிலைக்கிற எதிர்ப்பொருள்) 1.6 பாசிட்டிவ். நாலு நாள் கழிச்சு வேற லேப்ல: ஐஜிஎம் நெகட்டிவ், ஹெச்எஸ்வி-1 ஐஜிஜி பாசிட்டிவ், ஹெச்எஸ்வி-2 ஐஜிஜி 9, நெகட்டிவ். 1.6 பாசிட்டிவ்னா 9 எப்படி நெகட்டிவ்? கொப்புளம், புண் எதுவும் இல்லை. மூணாவது லேபுக்குப் போகலாமா?

சீரம்_டியூப்:
இப்போ போக வேண்டாம் தம்பி. முதல்ல அந்த 9-க்குப் பக்கத்துல என்ன அலகு போட்டிருக்குன்னு பாருங்க. 1.6 என்பது இன்டெக்ஸ், அதாவது அலகு இல்லாத விகித எண்: 0.9-க்குக் கீழ நெகட்டிவ், 0.9 முதல் 1.1 வரை இழுபறி, அதுக்கு மேல பாசிட்டிவ். 9 அநேகமா ஆர்யூ/மிலி கணக்கு, அது வேற ஒரு அலகு. அந்த கிட்ல (டெஸ்ட் பெட்டியில) 16-க்குக் கீழ நெகட்டிவ், 22 தொட்டாத்தான் பாசிட்டிவ். ரெண்டு எண்ணையும் பக்கத்துல வைக்கிறது படியையும் கிலோவையும் ஒப்பிடுற கதை.

ஐஜிஎம் வரியைப் பேனாவால அடிச்சிடுங்க. 1, 2 ரெண்டையும் அது பிரிச்சுக் காட்டாது. பழைய தொற்று திரும்பக் கிளம்பும்போதும் வரும், தொற்றே இல்லாதவருக்கும் வரும். பேக்கேஜ்ல சேர்ந்திருக்குன்னுதான் பாதிப் பேர் எடுக்கிறாங்க. பயத்தைத் தவிர வேற லாபமில்லை.

ஹெச்எஸ்வி-1 பாசிட்டிவ் பெரும்பாலும் சின்ன வயசுல வாயில வந்த தொற்றோட மிச்சம். உலக சுகாதார நிறுவனக் கணக்குல 50 வயசுக்குட்பட்டவங்கள்ல ஏறக்குறைய மூணுல ரெண்டு பேருக்கு இது உண்டு. உடம்புல எந்த இடத்துல இருக்குன்னு ரத்தம் சொல்லாது.

ஆனா உங்க விஷயத்துல இதுக்கு ஒரு முக்கியத்துவம் இருக்கு. ஹெச்எஸ்வி-1 உள்ளவங்களுக்கு, 2-க்கான இன்டெக்ஸ் பொய்யா லேசா ஏறிக் காட்டுறது சகஜம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி-யின் 2021 வழிகாட்டுதலே, 3-க்குக் கீழ வர்ற பாசிட்டிவை வேற முறையில உறுதி செய்யாம ஏத்துக்கக் கூடாதுங்குது. உங்களோடது 1.6.

மைக்ரோ_மாட்டுத்தாவணி:
மேல சொன்னது சரி. ஆனா அஞ்சு வாரத்துல வந்த நெகட்டிவையும் முழுசா நம்ப முடியாது. ஐஜிஜி சிலருக்கு மூணு வாரத்துல வரும், சிலருக்கு 12 வாரம் வரை இழுக்கும். அதனால 12 வாரம் முடிஞ்சதும், 1.6 காட்டின அதே லேப்ல, அதே கிட்ல எடுங்க. புதுத் தொற்றுன்னா இன்டெக்ஸ் பெரும்பாலும் 3-ஐத் தாண்டி ஏறியிருக்கும். 1.6-லயே நின்னாலோ இறங்கினாலோ பொய் பாசிட்டிவ்னு சாயலாம். வேற முறையில ஒரு உறுதி டெஸ்டும் வேணும். வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (எதிர்ப்பொருளைப் புரதம் புரதமா உறுதி செய்யுற டெஸ்ட்) பேர்போன இடம் அமெரிக்காவுல உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம். நம்ம ஊர்ல இருந்து அது நடைமுறைக்கு ஆகாது.

எடுக்கும் முன்ன லேப்ல ஒரே கேள்வி: "கிட் கிளைக்கோபுரோட்டீன்-ஜி வச்சதா?" 1-லயும் 2-லயும் வேறுபடுற வைரஸ் புரதம் அது. அதுக்குப் பதிலா முழு வைரஸையும் ஆன்டிஜனா (எதிர்ப்பொருள் ஒட்டுற பொருளா) வச்ச கிட்னா 1-க்கும் 2-க்கும் குறுக்கே வினை புரியும். அந்த ரிப்போர்ட்டுக்குக் காசு கொடுக்காதீங்க.

தெப்பக்குளம்27:
ஆர்யூ/மிலியேதான் அண்ணே. நடுவுல கொப்புளம் கிளம்பினா? வீட்டுல 'அக்கி'ன்னு சொல்லிக் காவி எழுதக் கூட்டிட்டுப் போயிடுவாங்க.

சீரம்_டியூப்:
அக்கி வேற வைரஸ். சின்னம்மை போட்ட வைரஸ் நரம்புல தங்கி, பிறகு ஒரு பக்கமா பட்டையாக் கிளம்புறது. ஹெர்பிஸ் ரிப்போர்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

கொப்புளம் வந்தா ரத்தத்தை மறந்துட்டு ஸ்வாப் பிசிஆர், அதாவது பஞ்சுக் குச்சியால புண்ல இருந்து எடுத்து வைரஸோட மரபணுவைத் தேடுற டெஸ்ட். முதல் ரெண்டு நாளுக்குள்ள போகணும். காவி, களிம்பு எதுவும் தடவாம, மாத்திரை ஆரம்பிக்கும் முன்ன. கொப்புளத்தை ஊசியால திறந்து, அடிப்பகுதியைப் பாலியஸ்டர் ஸ்வாப்பால அழுத்தித் தேய்க்கணும். மேல வழியற நீரைத் தொட்டு எடுத்தா செல் கிடைக்காது. ஸ்வாப்பை வைரல் டிரான்ஸ்போர்ட் மீடியத்துல (வைரஸ் கெடாம வச்சிருக்கிற திரவம்) போட்டு, 2 முதல் 8 டிகிரி ஐஸ் பெட்டியில அனுப்பணும். சித்திரை வெயில்ல சட்டைப்பையில கொண்டு போற சாம்பிள் வீண்.

பிசிஆர் பாசிட்டிவ்னா அதுவே தீர்ப்பு, எந்த டைப்புன்னும் தெரிஞ்சிடும். பக்கு கட்டின புண்ல நெகட்டிவ் வந்தா அதை வச்சு எதுவும் சொல்ல முடியாது.

மைக்ரோ_மாட்டுத்தாவணி:
பெரியாஸ்பத்திரி பால்வினை நோய்ப் பிரிவுக்கே போகலாம், ரெண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கோங்க. சிபிலிஸ் டெஸ்டும் எடுத்துடுங்க. ஹெச்ஐவிக்கு நம்பிக்கை மையம் (அரசு பரிசோதனை மையம்), இலவசம். முதல் தடவை புண் வந்தா அசைக்ளோவிர் 400 மிகி, நாளைக்கு மூணு வேளை, 7 முதல் 10 நாள், டாக்டர் சொன்ன பிறகு. 1.6-ங்கிற எண்ணுக்காக மாத்திரை போடாதீங்க.